பேரரசரின் பங்காளிகள்

எங்கள் குலதெய்வக் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடத்த முடிவெடுத்தபோது எனக்குப் பத்து வயது இருக்கும். அப்பாவோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர், எங்கள் வீட்டு நல்லது கெட்டதுகளில் உறவினரைவிட முன்னால் நிற்பவர், தானும் தலைக்கட்டு வரி கொடுப்பதாகச் சொல்லிப் பணத்தோடு வந்திருந்தார். கணக்கு எழுதிக்கொண்டிருந்த பெரியவர் பணத்தை மறுக்கவில்லை. "நீங்க கொடுக்குறத நன்கொடைன்னு எழுதிக்கிறோம் தம்பி, வரின்னு எழுத முடியாது, வரி பங்காளிக்கு மட்டுந்தான்" என்று சொல்லிவிட்டு, நோட்டின் கடைசிப் பக்கத்தைப் புரட்டி அங்கே அவர் பெயரை எழுதினார். வரி கொடுப்பவருக்கு அப்படி என்னதான் கிடைக்கிறது என்று அன்று எனக்கு விளங்கவில்லை. கும்பிட யாரும் வரலாம் என்பதும், அந்தச் சாமிக்கு இன்னார் உறவு என்பது மட்டுமே நோட்டின் முன்பக்கங்களில் எழுதப்படுகிறது என்பதும் வளர்ந்த பிறகே புரிந்தது.

பல ஆண்டுகள் கழித்து அந்த நோட்டு மறுபடி நினைவுக்கு வந்தது, ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸைப் படித்துக்கொண்டிருந்தபோது. பேரரசர் அகஸ்டஸ் இறந்த கி.பி. 14ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகளைச் சொல்லி வரும் அவர், போகிற போக்கில் ஒரு செய்தியை வைக்கிறார்: அந்த ஆண்டில் 'சொடாலெஸ் அகஸ்டாலெஸ்' என்ற புதிய பூசகர் குழு ஏற்படுத்தப்பட்டது, நாட்டின் முதன்மையான மனிதர்களிலிருந்து 21 பேர் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள், அவர்களோடு அகஸ்டஸுக்கு அடுத்துப் பேரரசரான டைபீரியஸ், அவர் வீட்டைச் சேர்ந்த துரூசஸ், கிளாடியஸ், ஜெர்மானிகஸ் ஆகிய நால்வரும் சேர்க்கப்பட்டார்கள். இவ்வளவுதான். அடுத்த வரியில், அகஸ்டஸ் நினைவாக அப்போது புதிதாகத் தொடங்கிய விழாவில் கூத்து நடிகர்களுக்குள் போட்டி முற்றிக் கலகமாகிவிட்டது என்று சொல்லப் போய்விடுகிறார். என்னை நிறுத்தியது 'சொடாலிஸ்' என்ற சொல். லத்தீனில் அதற்குக் கூட்டாளி, உடனிருக்கும் தோழன் என்று பொருள். ரோமில் பெருந்தெய்வங்களுக்கு வேறு வகைப் பூசகர்கள் இருந்தார்கள். அரசு சமயத்தை நடத்திய பொந்திஃபெக்ஸ்கள், பறவைக் குறி பார்த்த ஆகுர்கள், தனித்தனித் தெய்வத்துக்கு உரிய ஃபிளாமென்கள் என்று அந்த வரிசை நீளும். இறந்த ஓர் ஆட்சியாளரைத் தெய்வமாக்கியபோது அவருக்கும் ஒரு ஃபிளாமென் நியமிக்கப்பட்டார். அகஸ்டஸுக்கு முதல் ஃபிளாமெனாக ஜெர்மானிகஸ் பொறுப்பேற்றார். அகஸ்டஸின் மனைவி லிவியாவும் தன் கணவருக்குப் பூசகியானார். அதற்குமேல் இந்தக் கூட்டாளிகள் குழு எதற்காகத் தேவைப்பட்டது?

இதற்கு விடை ரோம் நகரத்துக்குள் இல்லை, ஆப்பியன் நெடுஞ்சாலையில் தென்கிழக்கே 12 ரோமானிய மைல், அதாவது சுமார் 18 கிலோமீட்டர் தொலைவிலிருந்த போவில்லே என்ற சிற்றூரில் இருக்கிறது. அகஸ்டஸின் குலமான ஜூலியஸ் குலத்தார் தங்கள் பூர்வீகத்தை ஆல்பா லோங்கா என்ற பழைய நகரத்தோடு சேர்த்துச் சொல்லிக்கொண்டவர்கள். அந்த நகரம் அழிந்தபின் அதன் சடங்குகளுக்கு வாரிசாக நின்ற ஊர் போவில்லே. அங்கே கிடைத்த ஒரு பலிபீடத்தில், 'தந்தையாகிய வெதியோவிஸுக்கு, ஜூலியஸ் குலத்தார், ஆல்பாவின் முறைப்படி அர்ப்பணித்தது' என்ற பொருளில் எழுதியிருக்கிறது. அகஸ்டஸ் பிறப்பதற்கு முன்பே வைத்த கல் அது. வெதியோவிஸ் பாதாளத்தோடு தொடர்புடைய, பொதுமக்களிடம் பெரிதாகச் செல்வாக்கில்லாத தெய்வம். ஒரு குலம், அதற்கென்று ஓர் ஊர், அந்த ஊரில் அந்தக் குலத்துக்கு மட்டும் உரிய தெய்வம், தலைமுறை தலைமுறையாக வந்த முறை என்று இதைப் படிக்கும்போது நம்மில் யாருக்கும் விளக்கவுரை தேவைப்படாது.

கி.பி. 14 ஆகஸ்ட் 19 அன்று நோலா நகரில் அகஸ்டஸ் இறந்தார். கோடை வெயிலுக்கு அஞ்சி, வழியிலிருந்த ஊர்களின் மன்ற உறுப்பினர்கள் இரவில் மட்டும் உடலைச் சுமந்தார்கள். பகலில் அந்தந்த ஊரின் பொதுக்கூடத்திலோ பெரிய கோயிலிலோ கிடத்தினார்கள். இப்படி ஊர் ஊராக வந்த உடல் போவில்லேயை அடைந்ததும், ரோமிலிருந்து வந்த, செனட்டர்களுக்கு அடுத்த நிலையிலிருந்த குதிரைவீரர் வகுப்பினர் அதை ஏற்றுக்கொண்டு நகருக்குள் கொண்டுபோனார்கள் என்று சூட்டோனியஸ் எழுதுகிறார். உடல் கைமாறிய இடம் குலத்தின் ஊர். தகனம் முடிந்தது. அகஸ்டஸ் விண்ணுக்கு ஏறிப்போனதைக் கண்ணால் கண்டதாக நீதி நிர்வாகப் பதவியான பிரெட்டர் பதவியை முன்பு வகித்த ஒருவர் சத்தியம் செய்தார். நுமேரியஸ் அட்டிகஸ் என்ற அவருடைய பெயரையும், அந்தச் சாட்சியத்துக்காக லிவியா அவருக்கு 10 லட்சம் செஸ்டர்ஸ் கொடுத்ததையும் காசியஸ் டியோ பதிந்திருக்கிறார். ரோமை நிறுவிய ரோமுலஸ் மேலே போனதைப் பார்த்ததாகச் சொன்னவரும் ஒரு ஜூலியஸ்தான், புரோகுலஸ் ஜூலியஸ். இந்த வகைச் சாட்சியம் அந்தக் குலத்துக்குப் பழகிய ஒன்று. செப்டம்பர் 17 அன்று செனட் அகஸ்டஸைத் தெய்வமென்று அறிவித்தது. கி.பி. 16இன் இறுதியில் போவில்லேயில் ஜூலியஸ் குலத்துக்கு ஒரு கோயிலும், அதில் தெய்வமான அகஸ்டஸுக்கு ஒரு படிமமும் அமைந்தன. ரோம் நகரத்தில் அவருக்கென்று தனிக் கோயில் எழும்பி முடியப் பல ஆண்டுகள் ஆயின. குலத்தின் ஊரில் இரண்டே ஆண்டுகளில் இடம் கிடைத்துவிட்டது. புதிய பூசகர் குழு தன் உறுப்பினர் பெயர்களைப் பொறித்த பளிங்குப் பட்டியலின் துண்டுகளும் போவில்லேயிலேயே கிடைத்திருக்கின்றன. செனட்டர்களின் குழு ஒன்று தன் நோட்டை இந்தச் சிற்றூரில் வைத்திருந்தது.

அந்த நோட்டின் முதல் பெயர்களை ஒருமுறை உரசிப் பார்ப்பது நல்லது. சீட்டு எடுக்காமலே உள்ளே வந்த நால்வரில் ஒருவர்கூட ஜூலியஸ் குலத்தில் பிறந்தவரில்லை. டைபீரியஸ் கிளாடியஸ் குலத்தில் பிறந்து, 40 வயதைக் கடந்தபின் கி.பி. 4இல் அகஸ்டஸுக்குச் சுவீகாரம் போனவர். துரூசஸ் அவருடைய மகன்; தந்தை குலம் மாறியதால் தானும் மாறியவர். ஜெர்மானிகஸ் டைபீரியஸின் தம்பி மகன். அதே ஆண்டில் பெரியப்பாவுக்குச் சுவீகாரம் கொடுக்கப்பட்டவர். ஜெர்மானிகஸின் உடன்பிறந்த கிளாடியஸோ சுவீகாரமும் போகாமல் கிளாடியஸ் குலத்திலேயே நின்றுவிட்டவர். அகஸ்டஸே பிறப்பால் ஒக்டாவியஸ் குலத்தவர். அவருடைய தாயின் தாய் சீசரின் உடன்பிறந்தவர் என்பதையும், சீசர் எழுதிவைத்த உயிலையும் தவிர அவருக்கும் ஜூலியஸ் குலத்துக்கும் பிணைப்பு இல்லை. இறக்கும்போது அவர் தன் உயிலில் மனைவியைத் தன் குலத்துக்குள் சேர்த்து 'ஜூலியா அகஸ்டா' ஆக்கிவிட்டுப் போனார். ஆக, ஓலையில் எழுதிச் சேர்த்துக்கொண்ட உறவுகளால் நிற்கும் வீடு அது. எழுத்தாலேயே உறவாக முடியும் என்றால், சீட்டாலும் ஆகலாம். 21 செனட்டர்களைக் குலுக்கி எடுத்து இந்தக் குலத்தின் சடங்குக்குப் பங்காளிகளாக்கியது அந்த வீட்டின் வழக்கத்தை ஒரு படி நீட்டியதே தவிர வேறில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

புதிய ஏற்பாட்டுக்குப் பழைய முன்னுதாரணம் காட்டுவது ரோமானியர் இயல்பு. இதற்கும் ஒன்று காட்டினார்கள். ரோமுலஸ் காலத்தில் சபைன் மக்களின் அரசனாக இருந்து ரோமோடு இணைந்த தீத்துஸ் தாத்தியுஸின் பெயரில் 'சொடாலெஸ் தீத்தீ' என்ற குழு இருந்தது. சபைன் சடங்குகள் அழியாமல் காக்கத் தாத்தியுஸே அதை அமைத்தான் என்று ஒரு நூலில் எழுதும் டாசிட்டஸ், தன் இன்னொரு நூலில் ரோமுலஸ் தாத்தியுஸ் அரசனுக்காக அதை அமைத்தான் என்கிறார். ஒரே ஆசிரியர், இரண்டு கதை. ஆனால் அகஸ்டஸ் குழுவின் இரட்டை இயல்பு இந்த முரணில் அப்படியே வெளிப்படுகிறது: ஒரு குலம் தன் சடங்கைக் காத்துக்கொள்ள வைத்தது என்றும் சொல்லலாம், இறந்த ஓர் அரசனுக்கு மற்றவர்கள் செய்வது என்றும் சொல்லலாம். உயிரோடிருக்கும்போதே இப்படி ஒரு குழுவைப் பெற்றவர் சீசர். லூப்பெர்க்கி என்ற பழைய பூசகர் குழுக்கள் இரண்டோடு மூன்றாவதாக அவர் குலத்தின் பெயரில் ஒன்று சேர்க்கப்பட்டு, மார்க் ஆண்டனி அதற்குத் தலைவரானார். சீசர் கொலையுண்டபின் அது நிலைக்கவில்லை. டைபீரியஸோ அகஸ்டஸ் இறக்கும்வரை காத்திருந்து, பிறகு செய்தார்.

குழுவின் இயல்பை டைபீரியஸே வாய்விட்டுச் சொன்ன தருணம் ஒன்று உண்டு. கி.பி. 22இல் அவருடைய தாய் லிவியா கடும் நோயுற்றார். அவர் நலம்பெற வேண்டிப் பெருவிழா நடத்த செனட் தீர்மானித்தது. பொந்திஃபெக்ஸ்கள், ஆகுர்கள், 15 பேர் குழு, விருந்துப் பூசகர்களான 7 பேர் குழு ஆகிய நான்கு பெருங்குழுக்களும், அவற்றோடு அகஸ்டஸ் குழுவும் விழாவை முன்னின்று நடத்த வேண்டும் என்றது. லூசியஸ் அப்ரோனியஸ் எழுந்து, ஃபெத்தியாலெஸ்களையும் சேர்க்கலாமே என்றார். போர் அறிவிப்பதும் உடன்படிக்கைக்குச் சடங்கு செய்வதுமாக, அகஸ்டஸ் குழுவைவிட எத்தனையோ நூற்றாண்டு மூத்த குழு அது. டைபீரியஸ் மறுத்தார். ஒவ்வொரு பூசகர் குழுவுக்கும் உள்ள உரிமையைப் பிரித்துக் காட்டி, முன்வழக்குகளை எடுத்துச் சொல்லி, ஃபெத்தியாலெஸ்களுக்கு இவ்வளவு உயர்ந்த நிலை என்றும் இருந்ததில்லை என்றார். அப்படியானால் எட்டே ஆண்டு வயதான அகஸ்டஸ் குழுவை ஏன் சேர்த்தார்கள்? எந்த வீட்டுக்காக வேண்டுதல் செய்யப்படுகிறதோ அந்த வீட்டுக்கே உரிய பூசகர் குழு அது, ஆகவே சேர்த்தோம் என்றார். எங்கள் ஊர்ப் பெரியவர் நோட்டைப் புரட்டியதைப்போலவே இருக்கிறது இந்தப் பதில்: மூத்தவர்கள், மதிக்கத் தக்கவர்கள், ஆனாலும் உறவுமுறை வேறு.

பங்காளி என்றால் தீட்டும் உண்டு. திருவிழாவில் முதல் மரியாதை வாங்குகிறவர் இழவு வீட்டிலும் முன்னால் நிற்க வேண்டும். ஜெர்மானிகஸ் கி.பி. 19 அக்டோபர் 10 அன்று அந்தியோக்கியாவில் இறந்தார். அவருக்கு செய்ய வேண்டிய மரியாதைகளை செனட் தீர்மானமாக நிறைவேற்றி வெண்கலத் தகடுகளில் பொறித்து ஊர்களுக்கு அனுப்பியது. அதில் ஒன்று 1947இல் இத்தாலியின் தஸ்கனிப் பகுதியிலும், இன்னொன்று 1982இல் ஸ்பெயினின் செவில் நகருக்கு அருகிலும் கிடைத்தன. செவில் தகட்டின்படி, ஆண்டுதோறும் அக்டோபர் 10 அன்று கல்லறை மேட்டுக்கு முன்னிருக்கும் பலிபீடத்தில் ஜெர்மானிகஸின் ஆவிக்கு நீத்தார் பலி கொடுக்க வேண்டும். கொடுக்க வேண்டியவர்கள் அகஸ்டஸ் குழுவின் தலைவர்கள். அவர்களில் அன்று கருநிற டோகா அணிய உரிமையுள்ளவர்கள் அதை அணிந்து வர வேண்டும். ரோமானியர்களுக்குக் கருநிற டோகா துக்க உடை. இறந்தவர் தெய்வமாக்கப்படவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ஜெர்மானிகஸ் மனிதராகவே இறந்தார், மனிதராகவே திதி பெற்றார். அந்தத் திதியைக் கொடுத்தவர்கள் தெய்வமான அகஸ்டஸின் பூசகர்கள். அரங்கிலும் இந்தக் குழுவின் இருக்கைகளுக்கிடையே ஜெர்மானிகஸுக்கு ஒரு நாற்காலி போட்டு, அதன்மேல் ஓக் இலை மாலை வைத்தார்கள். கூத்து நடக்கும் நாளில் குழுவினர் வரிசையாக உட்கார்ந்திருக்க, நடுவில் அந்த நாற்காலி மட்டும் ஆளில்லாமல் இருந்திருக்கும்.

இதைவிடக் கூர்மையான சான்று கி.பி. 69இல் வருகிறது. முந்தைய ஆண்டில் தற்கொலை செய்துகொண்ட நீரோவை செனட் பொது எதிரியாக அறிவித்திருந்தது. ஆட்சிக்கு வந்த விட்டெல்லியஸ் நீரோவை மெச்சியவர். மார்ஸ் திடலில் பலிபீடம் எழுப்பி, நீரோவுக்கு நீத்தார் பலி கொடுத்தார். பலி விலங்குகளை வெட்டி எரியூட்டியபோது தீவட்டியைப் பிடித்தவர்கள் அகஸ்டஸ் குழுவினர் என்கிறார் டாசிட்டஸ். நல்லவர்களுக்கு அது வெறுப்பாகவும் இழிந்தவர்களுக்கு மகிழ்ச்சியாகவும் இருந்தது என்று சினமும் கொள்கிறார். அவர் சினம் நியாயமானதுதான். ஆனால் நீரோ அந்த வீட்டின் கடைசி ஆண். அவருக்குக் கொள்ளி வைக்க வேறு யார் இருந்தார்கள்?

குழுவில் உட்கார்ந்திருந்தவர்களே பின்னாளில் தெய்வமானது இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கிளாடியஸையே எடுத்துக்கொள்வோம். கி.பி. 14இல் அவருக்கு 23 வயது. நடையில் தள்ளாட்டம், பேச்சில் தடுமாற்றம். பொது இடத்தில் எங்கே உட்காரவைத்தால் குடும்பத்துக்குத் தலைகுனிவு வராது என்று அகஸ்டஸ் லிவியாவுக்குக் கடிதம் எழுதிக் கலந்து பேசும் அளவுக்கு அவர் வீட்டுக்குச் சுமையாகக் கருதப்பட்டார். ஆகுர் பதவி ஒன்றைத் தவிர அகஸ்டஸ் அவருக்கு எதுவும் கொடுக்கவில்லை. அகஸ்டஸ் இறந்ததும் செனட்தான் சீட்டு முறைக்கு வெளியே, தனித் தீர்மானமாக, அவரைப் பூசகர் குழுவில் சேர்த்தது. தன்னை ஒளித்துவைத்த பெரியவருக்குப் பூசகராக இருந்த அந்த மனிதர் 41இல் பேரரசரானார், 54 அக்டோபர் 13 அன்று இறந்தார், தெய்வமானார். இறுதி ஊர்வலத்தில் நீரோ வாசித்த புகழுரையை எழுதிக் கொடுத்தவர் செனெக்கா. கிளாடியஸின் குலப் பெருமையைச் சொல்லும்வரை கூட்டம் அமைதியாகக் கேட்டது. அவருடைய முன்யோசனையையும் அறிவையும் பற்றிச் சொல்லத் தொடங்கியதும் ஒருவராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை என்கிறார் டாசிட்டஸ். சிரித்த வகுப்பைச் சேர்ந்தவர்கள்தான் இனி அவருக்கும் பூசகர்கள். புதிய குழு அமைக்கவில்லை, பழைய குழுவின் பெயரோடு அவர் பெயரை ஒட்டினார்கள்: 'சொடாலெஸ் அகஸ்டாலெஸ் கிளாடியாலெஸ்'. அவர் வகித்த இடத்துக்கு வேறொருவர் வந்தார். அவர் பெயரோ குழுவின் பெயரில் ஏறிக்கொண்டது.

ஹேட்ரியனும் இந்தக் குழுவில் இருந்தவர். அவர் பேரரசராவதற்கு முன் ஏதென்ஸ் நகரத்தார் வைத்த கல்வெட்டு, விருந்துப் பூசகர் குழுவிலும் அகஸ்டஸ் குழுவிலும் அவர் உறுப்பினர் என்று சொல்கிறது. 138இல் அவர் இறந்தபோது செனட் அவரைத் தெய்வமாக்க மறுத்துப் பார்த்தது. செனட்டர்களில் சிலரை அவர் கொல்லவைத்ததை யாரும் மறந்திருக்கவில்லை. அடுத்து வந்த அந்தோனினஸ் பிடிவாதமாக நின்று சாதித்தார்; அவருக்குப் 'பயஸ்' என்ற பட்டம் கிடைத்ததற்குச் சொல்லப்படும் காரணங்களில் இதுவும் ஒன்று. ஹேட்ரியனுக்கென்று தனியாக 'சொடாலெஸ் ஹேட்ரியனாலெஸ்' அமைந்தது. அவருடைய கோயிலின் 11 தூண்கள் ரோமின் பியாஸ்ஸா தி பியெத்ரா சதுக்கத்தில் இன்றும் நிற்கின்றன.

அந்தக் குழுவின் உறுப்பினர் ஒருவரை மிக அருகில் பார்க்க ஒரு கல்வெட்டு இருக்கிறது. இன்றைய துனிசியாவில், ஹம்மமேத் நகரை ஒட்டியிருந்த புப்புட் என்ற ஊரில் கிடைத்தது. சால்வியஸ் ஜூலியானஸ் என்ற சட்ட அறிஞரின் பதவி வரிசையைச் சொல்லும் கல் அது. பிரெட்டர்கள் ஆண்டுதோறும் வெளியிட்டுவந்த சட்ட அறிக்கையை ஹேட்ரியன் ஆணைப்படி ஒழுங்குபடுத்தி நிலைப்படுத்தியவர் இவர், 148இல் கான்சல் என்ற உச்சப் பதவியை வகித்தவர். கல்லின் தொடக்கத்தில், இவர் 'பேரரசர் ஹேட்ரியனின் குவெஸ்டர்' (தொடக்கநிலை அதிகாரி) என்று வருகிறது. உடனே அடுத்த சொற்களில், 'இவர் ஒருவருக்கு மட்டும், சிறந்த கல்வியின் பொருட்டு, தெய்வமான ஹேட்ரியன் குவெஸ்டர் ஊதியத்தை இரட்டிப்பாக்கினார்' என்று வருகிறது. பதவி கொடுத்தவர் பேரரசர், சம்பளத்தை உயர்த்தியவர் தெய்வம். இரண்டும் ஒரே ஆள், ஒரே வாக்கியம். இன்னும் சில பதவிகள் தாண்டி, 'பொந்திஃபெக்ஸ், சொடாலிஸ் ஹேட்ரியனாலிஸ், சொடாலிஸ் அந்தோனினியானஸ்' என்று சமயப் பொறுப்புகள் வருகின்றன. தன் சம்பளச் சீட்டில் கையெழுத்திட்டவருக்கும், அவருக்கு அடுத்து தன்னை மாகாண ஆளுநராக அனுப்பியவருக்கும் இவர் பூசகர். ஜூலியானஸ் இதைப் பணிவாகக் கருதினாரா, நன்றியாகக் கருதினாரா, பதவி உயர்வாக மட்டுமே கருதினாரா என்று கேட்கலாம். கல் அதையெல்லாம் பிரிக்கவில்லை. கான்சலுக்கும் ஆளுநருக்கும் நடுவில், அதே அளவு எழுத்தில், பூசகர் பொறுப்பையும் செதுக்கி வைத்திருக்கிறது. இந்தக் காலத்து 'நம்பினார்களா?' என்ற கேள்வியை அவர்களிடம் கொண்டுபோனால், திதி கொடுக்கிறவரிடம் போய் அதே கேள்வியைக் கேட்டதுபோல நம்மை ஏற இறங்கப் பார்த்திருப்பார்கள் என்பது என் எண்ணம்.

செனட்டர்களின் இந்தக் குழுவையும், இத்தாலியின் சிறு நகரங்களில் 'அகஸ்டாலெஸ்' என்று அழைக்கப்பட்டவர்களையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். நானும் சில காலம் குழம்பியிருந்தேன். நகரங்களின் அகஸ்டாலெஸ்களில் பெரும்பாலோர் அடிமைத்தளையிலிருந்து விடுபட்டுப் பணம் சேர்த்தவர்கள். விடுதலை பெற்றவர் ஊர் மன்றத்தில் உட்கார முடியாது. பேரரசர் வழிபாட்டுக்குச் செலவு செய்து பெயர் வாங்கலாம். கடற்படைத் தளமாக இருந்த மிசேனத்தில் இவர்களுடைய கோயிலை 1968இல் கண்டெடுத்தார்கள். உள்ளே குதிரைமேல் அமர்ந்த பேரரசரின் வெண்கலச் சிலை ஒன்று கிடைத்தது. இப்போது பையா கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முதலில் அது டொமிஷியன். 96இல் அவர் கொல்லப்பட்டு, அவர் நினைவையே அழிக்க செனட் ஆணையிட்டதும், முகத்தை மட்டும் நீக்கிவிட்டு அடுத்து வந்த நெர்வாவின் முகத்தைப் பொருத்தியிருக்கிறார்கள். நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். கிழவர் நெர்வாவின் ஒடுங்கிய கன்னம், கீழே டொமிஷியனின் கட்டான உடல். முழுச் சிலையையும் உருக்கிப் புதிதாக வார்க்காமல் விட்டதில் வியாபாரிகளின் சிக்கனம் தெரிகிறது.

வீடுகளுக்குள்ளும் இப்படிப்பட்ட வழிபாட்டுக் கூட்டங்கள் இருந்தன. கி.பி. 15இல் ஃபலானியஸ் என்ற குதிரைவீரர் வகுப்பினர்மேல் ஒரு குற்றச்சாட்டு வந்தது: எல்லா வீடுகளிலும் குழுக்கள்போல நடத்தப்பட்டுவந்த அகஸ்டஸ் வழிபாட்டாளர் கூட்டத்தில், கெட்ட பெயரெடுத்த காசியஸ் என்ற கூத்து நடிகனைச் சேர்த்துக்கொண்டார், தோட்டத்தை விற்றபோது அதிலிருந்த அகஸ்டஸ் சிலையையும் சேர்த்து விற்றுவிட்டார். இன்னொருவர் அகஸ்டஸ் பெயரில் பொய்ச் சத்தியம் செய்தார் என்பது அதோடு வந்த வழக்கு. டைபீரியஸ் கான்சல்களுக்கு எழுதிய பதில் அருமையானது. குடிமக்களைக் கெடுப்பதற்காக என் தந்தைக்கு விண்ணுலகம் வழங்கப்படவில்லை. அந்த நடிகன் என் தாய் நடத்தும் அகஸ்டஸ் நினைவு விழாவிலேயே ஆடுகிறவன்தான். தோட்டத்தை விற்றால் மற்றச் சாமிச் சிலைகள் எப்படிக் கூடப் போகின்றனவோ அப்படியே இதுவும் போகும். பொய்ச் சத்தியத்தைப் பொறுத்தவரை, ஜூபிட்டரை ஏமாற்றியதுபோல எடுத்துக்கொள்ளுங்கள், தெய்வங்களுக்கு இழைத்த தீங்கைத் தெய்வங்கள் பார்த்துக்கொள்ளும் என்றார். பின்னாளில் இதே டைபீரியஸின் ஆட்சியில் ராஜத்துரோக வழக்குகள் எத்தனை உயிரைக் குடித்தன என்பதை நினைத்தால் இந்தப் பதில் வருத்தமும் தருகிறது.

ரோமானியப் பாதைகளைக் காட்டும் பழைய வரைபடம் ஒன்றின் இடைக்காலப் படி வியன்னாவில் இருக்கிறது. பொய்ட்டிங்கர் வரைபடம் என்பார்கள். அதன் கிழக்குக் கோடியில் முசிறிக்குப் பக்கத்தில் சிறு கட்டடம் ஒன்று வரைந்து, 'அகஸ்டஸ் கோயில்' என்று எழுதியிருக்கிறது. பொன்னொடு வந்து கறியொடு பெயர்ந்த யவனர், சேரர் துறைமுகத்தில் தங்கள் பேரரசரையும் கும்பிட்டிருக்கிறார்கள் என்றுதான் அதைப் படிக்க வேண்டியிருக்கிறது. அங்கே விளக்கேற்றியவர்கள் மிசேனத்து அகஸ்டாலெஸ்களைப் போன்ற வியாபாரிகளாக இருக்கலாமே ஒழிய, சீட்டில் விழுந்த செனட்டர்களாக இருந்திருக்க முடியாது. அவர்களுக்கு வேலை ரோமிலும் போவில்லேயிலும்தான்.

அந்த வேலை நாளுக்கு நாள் கூடியது. வெஸ்பாசியன் 79இல் இறக்கும் தறுவாயில், "ஐயோ, நான் சாமியாகிக்கொண்டிருக்கிறேன் போலிருக்கிறதே" என்று கேலி செய்தாராம். அவருக்கு 'ஃபிளாவியாலெஸ்' அமைந்தது. மகன் டைட்டஸ் 81இல் இறந்ததும் அது 'ஃபிளாவியாலெஸ் தித்தியாலெஸ்' ஆயிற்று. இளைய மகன் டொமிஷியனுக்கு இறக்கும்வரை பொறுமையில்லை. காப்பிட்டோல் விழாவுக்கு அவர் தலையில் ஜூபிட்டர், ஜூனோ, மினெர்வா உருவங்கள் பதித்த பொன்முடியோடு வந்து அமர்ந்தார். பக்கத்தில் ஃபிளாவியாலெஸ் குழுவினர் அதேபோன்ற உடையில் அமர்ந்தார்கள். அவர்கள் முடிகளில் மட்டும் டொமிஷியனின் உருவமும் கூடுதலாக இருந்தது. தந்தைக்கும் அண்ணனுக்கும் பூசகர்களாக இருந்தவர்கள் உயிரோடிருக்கும் தம்பியின் முகத்தைத் தலையில் சுமந்தார்கள். 161இல் இறந்த அந்தோனினஸ் பயஸுக்கென்று ஏற்பட்ட குழு, பின்வந்தோர் பெயர்களை ஒவ்வொன்றாக ஏற்றுக்கொண்டு வால் நீண்டது. 193இல் வெறும் 87 நாள் ஆண்டு காவற்படையினரால் வெட்டுண்ட பெர்ட்டினாக்ஸுக்குக்கூட அந்தக் குழுவின் பெயரில் இடம் கிடைத்தது.

இத்தனை தெய்வங்களும் ஒரே இடத்தில் பலி வாங்கிய ஒரு நாளின் கணக்கு கல்லில் இருக்கிறது. அதை எழுதிவைத்தவர்கள் 'ஆர்வால் சகோதரர்கள்' என்ற 12 பேர் கொண்ட இன்னொரு பூசகர் குழு. தியா என்ற விளைச்சல் தேவிக்கு உரிய இந்தப் பழைய குழுவுக்கு அகஸ்டஸ் புத்துயிர் கொடுத்துத் தானும் உறுப்பினரானார். பிறகு பேரரசர் குடும்பத்துக்கான வேண்டுதல்களே அவர்களுடைய பெரும்பணி ஆயிற்று. ரோமுக்கு வெளியே, இன்றைய மாலியானா பகுதியிலிருந்த அவர்களுடைய தோப்பில், 183ஆம் ஆண்டில், தேவி கோயிலின் கூரை முகட்டில் ஓர் அத்திக்கன்று முளைத்துவிட்டது. அதைப் பிடுங்கிக் கோயிலைச் சீர்செய்யப் பரிகாரம் செய்தார்கள். தியா தேவிக்கு இரண்டு பசுக்கள். பிறகு ஜானுஸ், ஜூபிட்டர், மார்ஸ் எனத் தெய்வங்களுக்கு ஆடுகள். இந்த இடத்தைக் காக்கும் தெய்வம் ஆணோ பெண்ணோ அதற்கும் இரண்டு ஆடுகள். மரத்தை இறக்குவது, துண்டு போடுவது, எரிப்பது ஆகிய ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தேவதை, அவர்களுக்கும் பங்கு. கடைசியில் தோப்பிலிருந்த பேரரசர் மண்டபத்துக்கு முன்னால், தெய்வமானவர்கள் 16 பேருக்குக் காயடித்த கடாக்கள் 16. அகஸ்டஸுக்கு எது, கிளாடியஸுக்கு எது, ஹேட்ரியனுக்கு எது என்று பெயர் சொல்லவில்லை. தலைக்கு ஒன்று என்று எண்ணிக்கை மட்டும் இருக்கிறது. 224இல் தோப்பு மரங்களில் இடி விழுந்தபோது மறுபடி பரிகாரம் செய்தார்கள். அந்த முறை கடாக்கள் 20.